பாதியில் நிற்கும் வீடு: குத்தகையாளர் வாக்குத் தவறினால் சட்டம் என்ன செய்யும்?

மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டைச் சுற்றியிருந்த தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயங்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. தோட்டத்து வீடு வேலையோடு வந்தது, வேலையோடு போனது. 1950களிலும் 60களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது நம் மக்கள் கூலியையும் கூரையையும் ஒன்றாக இழந்தார்கள். அதைக் கண்டுதான் இந்த ஊர்க்காரரான துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அந்த வரலாறு தெரிந்தவர்களுக்கு, தோட்டத்தை விட்டு வந்த ஒரு குடும்பம் சொந்த நிலத்தில் கல் வீடு கட்டுவதன் எடை என்னவென்று தெரியும்.

அந்தக் கனவுக்கான பணம் பெரும்பாலும் ஊழியர் சேமநிதியிலிருந்து வருகிறது. வாழ்நாள் முழுவதும் சம்பளத்தில் பிடித்த தொகை 55 வயதில் கைக்கு வருகிறது. சில மாதங்களில் அதன் பெரும்பகுதி, வீடு கட்டித் தர ஒப்புக்கொண்ட ஒரு குத்தகையாளரின் கைக்குப் போகிறது. சுவர் எழும்பிக் கூரை ஏறியதும் வேலையாள்கள் வருவது குறைகிறது. பிறகு கைப்பேசியை எடுப்பதில்லை. நம் ஊர்களில் இப்படி நின்றுபோன வீடுகளைத் தேடிப் போக வேண்டியதில்லை. புல் முளைத்த தரையும் துருப்பிடித்த கம்பியும் சாலையிலிருந்தே தெரியும்.

பாதிக்கப்பட்டவர்களிடம் பேசும்போது ஒன்றைத் திரும்பத் திரும்பக் காண்கிறேன். வீடு வாங்குபவருக்கு அரசாங்கம் பாதுகாப்பு வைத்திருக்கிறது, அது தமக்கும் பொருந்தும் என்று நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையில்தான் முதல் பிழை இருக்கிறது.

சட்டம் எழுதிய ஒப்பந்தமும் நாம் எழுதும் ஒப்பந்தமும்

மேம்பாட்டாளரிடம், அதாவது வீடுகளைக் கட்டி விற்கும் நிறுவனத்திடம், வீடு வாங்குபவருக்குத் தீபகற்ப மலேசியாவில் 1966ஆம் ஆண்டின் வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டம் துணை நிற்கிறது. ஒப்பந்தத்தின் வாசகத்தைச் சட்டமே எழுதி வைத்திருக்கிறது. தரைவீடு என்றால் ‘அட்டவணை ஜி’. அதன்படி வீட்டை 24 மாதங்களுக்குள் ஒப்படைக்க வேண்டும். தாமதித்தால் வீட்டு விலையில் ஆண்டுக்கு 10 விழுக்காடு, நாள் கணக்கில் இழப்பீடு. 250,000 வெள்ளி (ரிங்கிட்) வீட்டுக்கு இது ஒரு நாளைக்கு ஏறக்குறைய 68 வெள்ளி 50 காசு. நூறு நாள் தாமதமானால் 6,800 வெள்ளிக்கு மேல். சாவி வாங்கிய பிறகும் 24 மாதங்களுக்குள் தெரியவரும் குறைபாடுகளை மேம்பாட்டாளர் தம் செலவில் சரிசெய்து தர வேண்டும். 2021இல் கூட்டரசு நீதிமன்றம் பி.ஜே.டி. ரீஜன்சி வழக்கில், தாமதக் கணக்கு முன்பதிவுப் பணம் கட்டிய நாளிலிருந்தே தொடங்கும் என்று வாங்குபவர் பக்கம் நின்று தீர்ப்பளித்தது. 2002 டிசம்பரிலிருந்து இவர்களுக்கென்று தனி நடுவர் மன்றமும் இயங்குகிறது.

சொந்த நிலத்தில் வீடு கட்டுபவருக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. அவர் வீடு வாங்கவில்லை, ஒரு சேவையை வாங்குகிறார். எதிரே இருப்பவர் உரிமம் பெற்ற மேம்பாட்டாளரல்ல, குத்தகையாளர். அதனால் சொந்த நிலத்தில் கட்டுபவர், வீடு வாங்குபவர்களுக்கான அந்த நடுவர் மன்றத்துக்குப் போனால் அங்கே வழக்கை எடுக்க மாட்டார்கள். அந்தப் பாதுகாப்பு கைநழுவிப் போகும் இன்னொரு வாசலும் உண்டு, சிறுநகரங்களில் இது அதிகம் கவனிக்கப்படுவதில்லை. அந்தச் சட்டத்தில் வீடமைப்பு மேம்பாடு என்பதே நான்குக்கு மேற்பட்ட வீடுகளைக் கட்டுவதுதான். ஒரு நிலத்தில் மூன்று, நான்கு வீடுகள் மட்டும் கட்டி விற்பவர் அந்த வரையறைக்குள் வருவதில்லை. அவரிடம் வாங்குபவர் புத்தம் புது வீடு வாங்கினாலும் ‘அட்டவணை ஜி’யைக் காட்டி வாதிட முடியாது.

ஆக, சொந்த நிலத்தில் கட்டுபவருக்குக் கிடைப்பது 1950ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், அவற்றோடு அவர் தாமே எழுதி வாங்கிய தாள். முதல் இரண்டும் நல்ல சட்டங்கள்தான். மூன்றாவதுதான் நம்மைக் கைவிடுகிறது.

அந்த ஒரு தாள்

அப்படிப்பட்ட தாள்கள் சிலவற்றைப் படித்திருக்கிறேன். ஏறக்குறைய எல்லாம் ஒரே அச்சு. மேலே குத்தகையாளரின் பெயர், கைப்பேசி எண். கீழே ‘மூன்று அறை, சாமி அறை, இரண்டு குளியலறை, கார் நிறுத்துமிடம், மொத்தம் 120,000 வெள்ளி’. அதற்குக் கீழே ‘முன்பணம் பாதி, கூரை ஏறியதும் 40 விழுக்காடு, சாவி கொடுக்கும்போது மீதி’. இரண்டு கையொப்பம். எத்தனை சதுர அடி, எந்தச் செங்கல், எத்தனை மில்லிமீட்டர் கம்பி, எந்தத் தர ஓடு, மின்கம்பி யார் பொறுப்பு, வரைபட அனுமதி யார் வாங்குவது, எந்தத் தேதிக்குள் முடிப்பது என்பதற்கெல்லாம் ஒரு வரிகூட இருக்காது.

இதில் மிகக் கேடானது பணம் கொடுக்கும் வரிசை. கூரை ஏறியதும் 90 விழுக்காட்டுப் பணம் குத்தகையாளரிடம் போய்விடுகிறது. பூச்சு வேலை, மின்சாரம், தண்ணீர்க் குழாய், தரை ஓடு, கதவு ஜன்னல், சாயம் என்று இழுத்தடிக்கும் வேலைகள் எல்லாம் அதற்குப் பிறகுதான் வருகின்றன. அவற்றை முடித்தால் அவருக்குக் கிடைப்பது 12,000 வெள்ளி. முடிக்க ஆகும் செலவோ அதைவிடப் பல மடங்கு. அடுத்த வீட்டுக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு போவதுதான் அவருக்கு லாபம். நேர்மையானவர்கூட ஒரு மாதம் பணத்தட்டுப்பாடு வந்தால் அந்தப் பக்கம் சாய்ந்துவிடுவார். மனிதரின் குணத்தைப் பற்றி நாம் பேசுகிறோம். ஆனால் பெரும்பாலான தகராறுகள் அந்தப் பணவரிசை எழுதப்பட்ட அன்றே உருவாகிவிடுகின்றன என்பது என் கருத்து.

‘அட்டவணை ஜி’ சொந்த நிலத்தில் கட்டுபவரைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அதன் பணவரிசையைக் கடன் வாங்க யாரும் தடை சொல்லவில்லை. அதில் கையொப்பமிடும்போது 10 விழுக்காடு, அஸ்திவாரம் முடிந்ததும் 10, தூணும் பீமும் எழும்பியதும் 15 என்று வேலைக்குப் பின்னால்தான் பணம் நகர்கிறது. கடைசி 5 விழுக்காடு வழக்கறிஞரிடம் தங்கி, வீட்டை ஒப்படைத்து எட்டு மாதம் கழித்துப் பாதியும், 24 மாதம் கழித்து மீதியும் மேம்பாட்டாளருக்குப் போகிறது. சிறு குத்தகையாளருக்குத் தொடக்கப் பொருள்களை வாங்க ஓரளவு கூடுதல் முன்பணம் தேவை என்பது உண்மை. அதைப் பொருளாகவே, கடையில் நேரடியாகப் பணம் கட்டிச் சிமெண்டும் கம்பியும் நம் நிலத்தில் இறங்கும்படிச் செய்ய வழி உண்டு.

வாய்ப்பேச்சில் முடிந்த ஒப்பந்தமும் சட்டப்படி ஒப்பந்தமே; அதை நிரூபிப்பதுதான் பாடு. வாட்ஸ்அப் உரையாடல்களை 1950ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டப்படி சாட்சியமாக வைக்க முடியும். எழுதிய ஒப்பந்தம் என்றால் அதற்கு முத்திரை வரி கட்டியிருக்க வேண்டும்; கட்டாத ஆவணத்தை, வரியையும் அபராதத்தையும் செலுத்தும்வரை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்காது.

தாமதத்துக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று தொகை எழுதி வைப்பது மிகப் பயனுள்ளது. ஒப்பந்தச் சட்டத்தின் 75ஆம் பிரிவின்கீழ் அப்படி எழுதிய தொகையைக் கேட்க, உண்மையில் எவ்வளவு நட்டம் என்று நிரூபித்தே ஆக வேண்டும் என்ற நிலை முன்பு இருந்தது. கியூபிக் எலெக்ட்ரானிக்ஸ் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் அதைத் தளர்த்தியது. தொகை நியாயமானதாக இருந்தால் போதும். அது நியாயமற்றது என்று காட்டும் சுமை வாக்குத் தவறியவரைச் சேரும்.

‘தீபாவளிக்குள் முடித்தால் போதும்’

தாமதம் பற்றி ஒப்பந்தச் சட்டத்தின் 56ஆம் பிரிவு பேசுகிறது. அதன் மூன்றாம் உட்பிரிவு நம் வீடுகளில் நடப்பதைப் பார்த்தே எழுதியது போலிருக்கும். காலக்கெடுவை உயிர்நாடியாகக் கொண்ட ஓர் ஒப்பந்தத்தில், குறித்த நாளில் வேலை முடியாமல், பிறகு முடித்துத் தருவதை நாம் ஏற்றுக்கொண்டால், ஏற்கும்போதே இழப்பீடு கேட்கப் போகிறோம் என்று அறிவித்திருக்க வேண்டும். அறிவிக்காவிட்டால் அந்தத் தாமதத்துக்கான இழப்பீட்டைக் கேட்க முடியாது.

நடப்பது என்ன? சித்திரையில் முடிய வேண்டிய வீடு ஆடியில் பாதியில் நிற்கிறது. குத்தகையாளர் ஏதோ ஒரு வகையில் சொந்தம், அல்லது கோயில் நிர்வாகத்தில் கூட இருப்பவர். ‘பரவாயில்லை அண்ணே, தீபாவளிக்குள் முடித்துக் கொடுத்தால் போதும்’ என்று செய்தி அனுப்புகிறோம். தீபாவளியும் போகிறது. ஒரு வருடம் கழித்துப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் அந்தச் செய்தியைத்தான் குத்தகையாளர் எடுத்து நீட்டுவார்: இவரே காலக்கெடுவை நீட்டித் தந்தார், இவருக்குத் தாமதம் ஒரு பொருட்டே இல்லை. முகத்தை முறித்துக்கொள்ள வேண்டியதில்லை. அதே செய்தியின் அடியில் ‘இதுவரை ஆன தாமதத்துக்கு இழப்பீடு கேட்கும் உரிமை எனக்கு உண்டு’ என்று ஒரு வரி சேர்த்திருந்தால் நிலைமை வேறு.

தேதியே குறிக்காத ஒப்பந்தத்தில் சட்டம் ‘நியாயமான காலம்’ என்று எடுத்துக்கொள்ளும். அப்போது எழுத்தில் அறிவிப்புக் கொடுத்து, நியாயமான ஒரு கெடு வைத்து, அதற்குள் வேலை தொடங்காவிட்டால் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வேன் என்று சொல்ல வேண்டும்.

கோபத்தில் நாம் செய்வது இதற்கு நேர் எதிரானது. ‘இனி என் நிலத்தில் கால் வைக்காதே’ என்று ஒரு குரல் பதிவு போதும். நான் வேலை செய்யத் தயாராக இருந்தேன், வீட்டுக்காரர்தான் துரத்தினார் என்று கதை திரும்பிவிடும். ஒப்பந்தத்தை முறித்தவர் நாம் என்றாகும். அதற்கு மேல், செய்த வேலைக்கு நியாயமான கூலி வேண்டும் என்று ஒப்பந்தச் சட்டத்தின் 71ஆம் பிரிவைக் காட்டி அவர் நம்மீது எதிர்க்கோரிக்கையும் வைக்கலாம்.

போலீஸ் நிலையமும் நடுவர் மன்றமும்

வேலை நின்றதும் பெரும்பாலோர் முதலில் போவது போலீஸ் நிலையத்துக்கு. புகாரை எழுதிக்கொள்வார்கள்; பிறகு ‘இது சிவில் விவகாரம்’ என்று பதில் வரும். போலீஸார் அக்கறையில்லாமல் அப்படிச் சொல்வதாக எண்ண வேண்டாம். குற்றவியல் சட்டத்தின் 420ஆம் பிரிவின்படி மோசடி என்றால், பணம் வாங்கியபோதே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும். அஸ்திவாரம் போட்டுச் சுவர் எழுப்பியவரிடம் அதைக் காட்டுவது கடினம். ஒரு கல்லும் எடுத்து வைக்காமல் பத்துப் பேரிடம் முன்பணம் வாங்கியவர் கதை வேறு. அங்கே பத்துப் பேரும் தனித்தனியே புகார் கொடுப்பது பலன் தரும்.

சிவில் வழியில் சிறு வீட்டுக்காரருக்கு மிகப் பொருத்தமான இடம் பயனீட்டாளர் நடுவர் மன்றம். வீட்டுப் புதுப்பிப்பு, கட்டுமான வேலை பற்றிய கோரிக்கைகள் அங்கே புதிதல்ல. மனுக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை கேட்கலாம். வழக்கறிஞர் வாதாட இடமில்லை, இரு தரப்பும் தாமே பேச வேண்டும். பிரச்சினை எழுந்து மூன்று ஆண்டுகளுக்குள் போக வேண்டும். வேலையைப் போதிய திறமையோடும் கவனத்தோடும் செய்யும் பொறுப்பு, கேட்ட நோக்கத்துக்கு அது உதவ வேண்டும் என்ற பொறுப்பு ஆகியவற்றைத் தாளில் எழுதாவிட்டாலும் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டமே சேவை தருபவர்மீது சுமத்துகிறது. தீர்ப்பை 14 நாள்களுக்குள் நிறைவேற்றாதது குற்றம்.

50,000 வெள்ளிக்கு மேல் நட்டம் என்றால், மிகுதியை விட்டுக்கொடுத்து நடுவர் மன்றத்துக்கு வரலாம். ஒரே வழக்கை இரண்டாகப் பிரிக்க முடியாது. விட்டுக்கொடுக்க மனமில்லையென்றால் 100,000 வெள்ளி வரை மாஜிஸ்திரேட் நீதிமன்றம், பத்து லட்சம் வெள்ளி வரை செஷன்ஸ் நீதிமன்றம். 5,000 வெள்ளிக்குட்பட்ட சிறு கோரிக்கைக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இல்லாத தனி நடைமுறை உண்டு. ‘சிப்பா’ என்ற பெயர் காதில் பட்டால் குழம்ப வேண்டாம். கட்டுமானத் துறையில் பணம் வரவில்லை என்று கேட்பதற்கான 2012ஆம் ஆண்டின் விரைவு நடுவச் சட்டம் அது. நான்கு மாடிக்குக் குறைந்த, தாம் குடியிருப்பதற்கே கட்டும் வீட்டுக்காகத் தனிமனிதர் செய்யும் ஒப்பந்தத்தை அது தொடாது.

எங்கே போனாலும் கேட்கப்படுவது ஒரே கேள்வி: உங்கள் நட்டம் எவ்வளவு? இதில்தான் நம்மவர்கள் தடுமாறுகிறார்கள். ‘84,000 கொடுத்தேன், 84,000 திரும்ப வேண்டும்’ என்பார்கள். சட்டம் பார்ப்பது, ஒப்பந்தம் ஒழுங்காக நிறைவேறியிருந்தால் நாம் எந்த நிலையில் இருந்திருப்போம் என்பதை. மேலே சொன்ன 120,000 வெள்ளி வீட்டையே எடுத்துக்கொள்வோம். முன்பணம் 60,000, கூரைப் பொருள் வாங்க வேண்டும் என்று கேட்டு வாங்கியது 24,000, ஆக 84,000. நிற்கும் வேலையின் மதிப்பு 50,000. மீதியை முடிக்க, கோணலான சுவரை இடித்துக் கட்டுவதையும் சேர்த்து, இரண்டாவது குத்தகையாளர் கேட்பது 75,000. நாம் மொத்தம் செலவிடப் போவது 159,000. ஒப்பந்த விலை 120,000. நட்டம் 39,000. இந்தத் தொகையைக் கேட்டால் கணக்கு நிற்கும், நடுவர் மன்ற வரம்புக்குள்ளும் அடங்கும். தாமதித்த மாதங்களுக்கு வெளியே கொடுத்த வாடகையையும் ரசீதோடு சேர்க்கலாம். ‘வாடகை வீட்டில் இருக்கிறோம்’ என்பது குத்தகையாளருக்கு முன்பே தெரிந்திருந்தால் அந்தக் கோரிக்கை வலுவாகும். பட்ட மன வேதனைக்கு ஒப்பந்த வழக்கில் பொதுவாகப் பணம் கிடைப்பதில்லை. இதைச் சொல்ல எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

அந்த 50,000, 75,000 என்ற எண்களை யார் சொல்வது? நாமே சொன்னால் அது வெறும் பேச்சு. ஆகையால் இரண்டாவது குத்தகையாளர் ஒரு செங்கல்லைத் தொடுவதற்கு முன்பே பதிவுபெற்ற பொறியாளர் ஒருவரையோ கட்டுமானச் செலவு மதிப்பிடுபவரையோ வரவழைத்து, நின்ற நிலையை அளந்து, படத்தோடு அறிக்கை எழுதி வாங்க வேண்டும். விரிசலுக்குப் பக்கத்தில் அளவுகோலை வைத்து எடுத்த படம், தூணில் கம்பி வெளியே தெரியும் இடம், கதவு நிலையின் சாய்வு எல்லாம் அதில் வர வேண்டும். புதிய பூச்சு ஏறியபின் பழைய குறையைக் காட்ட எதுவும் மிஞ்சாது. பல நியாயமான வழக்குகள் இந்த ஒரு காரணத்தால் நலிந்து போகின்றன.

குத்தகையாளர் பக்கத்திலும் நியாயம் இருக்கக்கூடும். பாதி வேலையில் சாமி அறையைக் கிழக்குப் பக்கம் மாற்றச் சொல்வோம். சமையலறையை நான்கு அடி நீட்டச் சொல்வோம். விலை பேச மாட்டோம். கூடுதல் வேலைக்குக் கூடுதல் நாளும் பணமும் அவர் கேட்பது தவறல்ல. நாமே தாமதத்துக்குக் காரணமானால் பழைய காலக்கெடுவைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது. சிமெண்டு விலை ஏறிவிட்டது என்று மட்டும் சொல்லி அவர் வேலையைக் கைவிட முடியாது. செலவு கூடுவது ஒப்பந்தத்தை முறிக்கும் காரணமாகாது.

அனுமதி இல்லாத வீடு

1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி உள்ளூர் மன்றம் வரைபடத்தை அங்கீகரித்த பின்பே கட்ட வேண்டும். சுங்கை சிப்புட்டுக்கு அது கோலகங்சார் நகராண்மைக் கழகம். கட்டி முடிந்ததும் வரைபடத்தைச் சமர்ப்பித்த கட்டடக் கலைஞர், பொறியாளர் அல்லது பதிவுபெற்ற கட்டட வரைவாளர் ‘சிசிசி’ எனும் நிறைவுச் சான்றிதழைத் தருகிறார். 2007 ஏப்ரல் முதல் இதுதான் நடைமுறை. ‘அதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று குத்தகையாளர் சொல்லிப் பார்க்காமல் விட்டால், இடிக்கச் சொல்லும் அறிவிப்பு நில உரிமையாளரின் பெயருக்கு வரும். சட்டத்துக்குப் புறம்பான கட்டடத்துக்காகச் செய்த ஒப்பந்தத்தைத் தூக்கிக்கொண்டு நீதிமன்றம் போனால், அதுவே நம் காலைச் சுற்றும்.

குத்தகையாளர் சிஐடிபி எனும் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில் பதிந்தவரா என்று பார்ப்பது எளிது. ஜி1 முதல் ஜி7 வரை தரம் உண்டு. பதியாமல் கட்டுமானம் செய்பவருக்கு 10,000 முதல் 100,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. ரசீதில் இருக்கும் நிறுவனத்தின் பெயரையும் உற்றுப் பார்க்க வேண்டும். ‘எண்டர்பிரைஸ்’ என்று முடிந்தால் அதன் உரிமையாளரே தம் சொத்தோடு பொறுப்பாளி. ‘செண்டிரியான் பெர்ஹாட்’ என்று முடிந்தால் பொறுப்பு அந்த நிறுவனத்துக்கு மட்டும். இரண்டு வெள்ளி மூலதனத்தில் தொடங்கிய நிறுவனமாக இருந்தால் தீர்ப்புக் கையில் இருந்தும் பிடிக்க எதுவும் இருக்காது. இயக்குநரைத் தனிப்பட்ட உத்தரவாதம் எழுதித் தரச் சொல்லலாம். கையொப்பமிடும் நாளில் கேட்டால்தான் கிடைக்கும்.

கால வரம்பை இறுதியாகப் பார்க்க வேண்டும். ஒப்பந்தம் மீறப்பட்ட நாளிலிருந்து ஆறு ஆண்டுகளுக்குள் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும் என்கிறது 1953ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டம். அஸ்திவாரக் குறை ஏழாம் ஆண்டில் விரிசலாக வெளிப்பட்டால் ஒப்பந்த வழக்கு செல்லாது. அதற்காகவே 2019 செப்டம்பர் 1 முதல் அந்தச் சட்டத்தில் 6ஏ பிரிவு நடைமுறைக்கு வந்தது. கவனக்குறைவால் விளைந்த, மறைந்திருந்த குறைக்கு, அதை அறிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் கிடைக்கும். ஆனால் கவனக்குறைவு நிகழ்ந்து 15 ஆண்டுகளுக்குமேல் போக முடியாது. தீர்ப்புக் கிடைத்துவிட்டால் அதை நிறைவேற்றப் பன்னிரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. இன்று கையில் காசில்லை என்று கைவிரிக்கும் குத்தகையாளர் நான்கு ஆண்டு கழித்து லாரி வாங்கினால், அந்த லாரியின்மீது உங்கள் தீர்ப்பு பாயும்.